மூன்றாவது சான்றிதழ்

அந்த வீட்டில் சோற்றில் முடி கிடந்தால் யாரும் முகம் சுளிப்பதில்லை. எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். "இது நம்மளோடது இல்ல, மூணாம் நம்பர் கட்டுல இருந்து வந்திருக்கு" என்று ஓரமாக வைத்துவிட்டு அடுத்த வாய்க்குப் போய்விடுவார்கள். இரண்டே அறை. முன்னறையில் ஜன்னலோரம் இரண்டு மேஜை, மேஜைக்கு ஒரு மரத்தலை. பின்னறையில் ஒரு கட்டில், ஒரு அடுப்பு, குறுக்கே நாலு கயிறு. கயிறு நிறைய அலசிப் போட்ட முடி தொங்கும். குனிந்து போனால்தான் அடுப்புக்கே போய்ச் சேரலாம்.

அந்த வீட்டுக்காரியைத் தெருவில் முடியக்கா என்பார்கள். விக் கட்டுகிறவள். வலையை மரத்தலையில் இழுத்துப் பொருத்தி, கொக்கி ஊசியால் முடியை ஒன்று ஒன்றாக வலைக்கண்ணில் முடிச்சுப் போடுவது அவள் வேலை. ஒரு தலைக்கு எத்தனை முடிச்சு என்று கேட்டால், "எண்ணினா பைத்தியம் பிடிச்சுடும், அதான் எண்ணறதில்ல" என்பாள். வகிடு மட்டுமே நாலு நாளைத் தின்றுவிடும். வேர்ப்பக்கமும் நுனிப்பக்கமும் எங்காவது மாறிப்போனால் தொலைந்தது கதை. பத்தே நாளில் சிக்கு விழுந்து துடைப்பமாகிவிடும். அவளுடைய நாத்தனாரும் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து கட்டுவாள். டிரைவர் என்று இன்னும் எல்லோரும் கூப்பிடுகிற முடியக்காவின் கணவன், முதுகெலும்பு விலகி வண்டியை விட்டு மூன்று வருஷமாகிறது. கட்டிலில் சாய்ந்தபடியே ஆணிப்பலகையில் முடியைச் சீவிச் சிக்கெடுத்துக் கொடுப்பார்.

பதினாலு வருஷம் அவள் ஒரு கடைக்காரருக்குக் கட்டினாள். அவர் தன் பேரைத் தைத்து அஞ்சு மடங்குக்கு விற்றார். அது பெரிய வருத்தமில்லை, ஊர் உலகத்தில் எல்லா முதலாளியும் அப்படித்தான் என்று இருந்தாள். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் வைத்தியத்தில் முடி கொட்டிப் போனவர்கள். ஒரு நாள் அவள் கட்டியதைக் கொடுக்கக் கடைக்குப் போயிருந்தபோது, ஒரு மனுஷர் ரசீதோடு வந்து நின்றார். மகளுக்குச் சொல்லியிருந்தாராம். மகள் போய் இரண்டு நாளாகிறதாம். பாதிப் பணமாவது கிடைக்குமா என்று கேட்டார். கடைக்காரர் சுவரில் இருந்த பலகையைக் காட்டினார். விற்ற பொருள் திரும்ப எடுத்துக்கொள்ளப்படாது. "அப்ப அதையாவது குடுத்துடுங்க, வீட்டுல வச்சுக்கறேன்" என்றார் அந்த மனுஷர். இன்னும் முடியவில்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்று அனுப்பினார்கள். அவர் வரவில்லை. அடுத்த வாரம் அதே வலையை இன்னொரு தலைக்கு இறுக்கிக் கொடுத்தது முடியக்காதான். தன் கையாலேயே இறுக்கினாள். அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குச் சோறு இறங்காது.

அதன் பிறகு அவளால் அங்கே இருக்க முடியவில்லை. நெட்டில் நாமே விற்போம் என்று நாத்தனார் கிளப்பினாள். செல்போன் கடையில் வேலை பார்த்தவள், விவரம் தெரிந்தவள். விஷயம் காதுக்குப் போனதும் கடைக்காரர் சிரித்தார். "போ, தாராளமாப் போ. ஆனா திரும்பி வந்தேன்னு வை, பாதிக் கூலிதான்" என்றார்.

படம் போட்டாயிற்று, விலை போட்டாயிற்று. கேட்டு எழுதியவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: கார்டு எடுப்பீர்களா? ஆஸ்பத்திரியில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு வருகிறவர்களிடம் ரொக்கம் ஏது. கார்டில் வாங்கி மாதா மாதம் கட்டினால்தான் உண்டு. கார்டு கம்பெனிக்கு விண்ணப்பம் போட மூன்று பேரும் போனைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"என்ன வியாபாரம்னு கேக்குது அண்ணி. துணிமணி, உணவு, நகை, அழகுப் பொருள், மருத்துவப் பொருள், மத்தவை."

"முடி இல்லையா?"

"முடின்னு தனியா இல்ல."

கட்டிலிலிருந்து டிரைவர் குரல் கொடுத்தார். "தலையில மாட்டறதுதானே. தொப்பி எங்க இருக்கோ அங்க போடு."

"தொப்பியாம் தொப்பி. நீங்க சீவற வேலையைப் பாருங்க."

மருத்துவப் பொருள் என்று அழுத்தினால் லைசன்ஸ் கேட்டது. அழகுப் பொருள் என்று அழுத்தினார்கள். முடியக்காவுக்கு அது பிடிக்கவில்லை. "அழகுக்கா வாங்கறாங்க? பஸ்ஸுல எவனும் உத்துப் பாக்காம இருக்கணும்னு வாங்கறாங்க" என்றாள். அப்புறம் அவள் முகத்தைப் படம் பிடித்து அடையாள அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்தது. அட்டையில் இடுப்பு வரை பின்னலோடு இருந்தாள். இப்போது கிராப். வேலை முடியோடு தன் முடி கலந்துவிடுகிறது என்று எப்போதோ வெட்டிவிட்டாள். ஆள் வேறு என்று இரண்டு தடவை தள்ளிவிட்டது. மூன்றாவது தடவைதான் இவளை இவள் என்று ஒப்புக்கொண்டது.

"அவனுக்கே சந்தேகம் வந்துடுச்சு பாத்தியா" என்றார் டிரைவர். "நான் எத்தனை வருஷமா சந்தேகப்படறேன்."

கடைசியாக ஒரு பக்கம் பாக்கி இருந்தது.

"பணத்தைத் திருப்பிக் குடுக்கற நிபந்தனை என்னன்னு எழுதிப் போடணுமாம். அது இருந்தாதான் கார்டு வசதி தருவாங்களாம்" என்றாள் நாத்தனார். "அளவெடுத்துச் செஞ்சது திரும்ப எடுக்க மாட்டோம்னுதான் எல்லாரும் போட்டிருக்காங்க. அப்படியே போட்டுடவா?"

"போடு. கீழ ஒரு வரி சேரு."

"சொல்லுங்க."

"போட்டுக்கறவங்க இறந்துட்டா முழுப் பணமும் திருப்பித் தருவோம்."

நாத்தனாரின் விரல் நின்றுவிட்டது. "ஏன் அண்ணி, கடை தொறக்கற அன்னிக்கு எழுதற வார்த்தையா இது? படிக்கறவங்களுக்கு வயித்தைக் கலக்காதா?"

"அவங்களுக்குத் தெரியாததையா நாம சொல்லிடப் போறோம். எழுதுடி."

எழுதினாள். நாலு நாளில் கார்டு வசதி வந்துவிட்டது. அன்றைக்கு டிரைவர், இருக்கிற வலியோடு, சுவரைப் பிடித்துக்கொண்டு முன்னறை வரை நடந்து வந்து போனைப் பார்த்தார்.

நாலு மாதத்தில் பதினொரு ஆர்டர். ஒரு விக்குக்கு நாற்பது நாள் ஆகும் என்று முதலிலேயே சொல்லிவிடுவார்கள். முடி வியாபாரியிடம் முன்பணம் மட்டும் கொடுத்து நல்ல கட்டாக வாங்கிப் போட்டார்கள். முடியக்காவுக்குக் கண் எரிந்தது, கழுத்து மரத்துப்போனது, ஆனாலும் எழுந்திருக்கும்போது முனகவில்லை. தன் பேருக்குச் செய்கிற வேலை.

பதினொன்றில் மூன்று பேர் நாற்பது நாளைத் தாண்டவில்லை.

முதலில் ஒரு தச்சர். மனைவிக்குச் சொல்லியிருந்தார். இருபத்தெட்டாம் நாள் கூப்பிட்டு, "இனிமே வேணாம்மா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். பணத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அந்த நிபந்தனையைப் படித்திருந்தாரோ இல்லையோ. முடியக்கா ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "அவருக்கு அனுப்பிடு" என்றாள். அடுத்தது ஒரு டீச்சர், காலேஜில் படித்துக்கொண்டிருந்த மகளுக்காக. இரண்டு வரி எழுதி அனுப்பினார். அந்தப் பணமும் அன்றைக்கே போனது. மூன்றாவது ஒரு லாரி மெக்கானிக், மனைவிக்காக. அவர்தான் போனில் உடைந்து அழுதார். "போயிட்டாம்மா, என்னை விட்டுட்டுப் போயிட்டா" என்று ஒரு ஆம்பிளை அப்படித் தேம்பி அழுது முடியக்கா கேட்டதில்லை. இவளும் கூட அழுதாள். அந்த விக்கில் வகிடு மட்டும்தான் பாக்கி. அளவோடு வந்த படத்தில் அந்தப் பெண் ஏதோ கேலிக்குச் சிரித்தபடி இருந்தாள். மரத்தலையிலிருந்து அதைக் கழற்ற மனசு வராமல் அப்படியே துணி போட்டு மூடி வைத்தார்கள்.

மழை தொடங்கின வாரம் கார்டு கம்பெனியிலிருந்து அறிவிப்பு வந்தது. நாத்தனார் இரண்டு தடவை வாசித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள். கணக்கை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மற்ற எட்டு ஆர்டரின் பணமும் அதற்குள்தான் இருக்கிறது. மூன்று பேருக்குப் பணம் திருப்பியதற்கு ஆதாரம் வேண்டும். வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள் வராவிட்டால் கணக்கை மூடிவிடுவார்கள். மூடிவிட்டால் பேர் மற்ற கம்பெனிகளுக்கும் போய்விடும். அஞ்சு வருஷத்துக்கு எவனும் கார்டு வசதி தரமாட்டான்.

முடியக்கா தானே போன் போட்டாள். முக்கால் மணி நேரம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு சின்னப் பெண் எடுத்தது.

"மேடம், பதினொண்ணுல மூணு ரீஃபண்ட். அது ரொம்ப அதிகம்."

"செத்துட்டாங்கம்மா."

"சாரி மேடம். அதுக்கு ஆதாரம் இருந்தா போதும்."

"வாங்கின பணத்தை நான் திருப்பிக் குடுத்திருக்கேன். குடுக்காம ஏமாத்தினவனைப் போய்க் கேளு. குடுத்தவ எதுக்கு ஆதாரம் காட்டணும்?"

"திருட்டுக் கார்டு வேலை செய்யுதான்னு பாக்கறவங்க இருக்காங்க மேடம். ஒரு கடையைத் தொறந்து, அவங்களே வாங்கி, அவங்களே திருப்புவாங்க. மெஷினுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

"என்னைப் பாத்தா திருட்டுக் கார்டு தேய்க்கறவ மாதிரி இருக்கா?"

"நான் உங்களைப் பாக்கலையே மேடம்."

அந்தப் பெண் அதை நக்கலாகச் சொல்லவில்லை. முடியக்காவுக்கும் அது தெரிந்தது. தெரிந்ததால் கோபமும் வரவில்லை.

"என்ன ஆதாரம் வேணும் உனக்கு?"

"இறப்புச் சான்றிதழ் மேடம். மூணு பேரோடதும்."

"அந்த வீடுகள்ல போய் நான் எந்த வாயால கேப்பேன்?"

அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னது: "மேடம், நானா சொல்றேன். அந்த ஒரு வரியை நீங்க போட்டிருக்கவே வேணாம். ஆயிரம் கடைப் பக்கம் பாத்திருக்கேன். எங்கயும் அப்படி ஒரு வரி இல்ல."

வியாழக்கிழமை காலையில் தச்சருக்குப் போன் போட்டாள். என்ன சொல்ல வேண்டும் என்று ராத்திரியே மனப்பாடம் பண்ணியிருந்தாள். எல்லாம் மறந்துபோயிற்று. கார்டு, கம்பெனி, ஆதாரம் என்று உளறிக் கொட்டினாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"சான்றிதழ்தானே. பத்து காப்பி எடுத்து வச்சிருக்கேம்மா. பேங்க்ல கேக்கறாங்க, கேஸ் கனெக்ஷன்ல கேக்கறாங்க, செல்போன்காரன் கேக்கறான். எங்க போனாலும் அவ செத்தது நிஜமான்னுதான் கேக்கறாங்க. நீங்க பதினொண்ணாவது ஆளு." அப்புறம், "போட்டோ எடுத்து அனுப்பத் தெரியாது. பக்கத்துல ஒரு பையன்கிட்ட சொல்றேன்" என்றார். மத்தியானம் வந்து சேர்ந்தது. காகிதத்தில் மரத்தூள் ஒட்டியிருந்தது படத்திலேயே தெரிந்தது.

டீச்சர் அப்படி இல்லை.

"அன்னிக்குக் கேக்காமலே பணத்தைத் திருப்பி அனுப்பினீங்க. என் வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன், உலகத்துல இப்படியும் ஒரு பொம்பளை இருக்காங்கன்னு. இப்ப எம்பொண்ணு செத்தாளா இல்லையான்னு பேப்பர் கேக்கறீங்களா?"

"நான் கேக்கல டீச்சர். கம்பெனியில..."

"கேக்கறது உங்க வாய்தானே."

வைத்துவிட்டார். அரை மணி கழித்துச் சான்றிதழ் வந்தது. ஒரு வார்த்தை கூட இல்லை. வயசு என்ற இடத்தில் பத்தொன்பது என்றிருந்தது. முடியக்கா அன்றைக்குச் சாப்பிடவில்லை. அவள் சாப்பிடாததால் நாத்தனாரும் சாப்பிடவில்லை. டிரைவர் மட்டும் முட்டையைப் பொரித்துத் தட்டில் போட்டுக்கொண்டு, "பட்டினி கிடந்தா கம்பெனிக்காரன் இரக்கப்படுவானா?" என்று இரைந்தார். அவரும் பாதியை வைத்துவிட்டார்.

மெக்கானிக்குக்கு வியாழக்கிழமை மூன்று தடவை போட்டும் எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமையும் காலையிலிருந்து அடித்துக்கொண்டே இருந்தாள். வெளியே மழை கொட்டியது. தெரு முழுக்கச் சேறு. பின்னறைக் கயிற்று முடி ஈரம் சொட்டிக்கொண்டு, மின்விசிறிக்கு அடியில் நாற ஆரம்பித்திருந்தது. மூன்று மணிக்கு ஒரு பெண் குரல் எடுத்தது. அக்காவோ தங்கையோ, வீட்டில் இருக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்தாள்.

"மெக்கானிக் நம்பர்தானேம்மா?"

"ஆமாங்க. அவரு பட்டறைக்குப் போயிருக்காரு. ஆஸ்பத்திரியிலேந்து கூப்பிடுவாங்கன்னு போனை எங்கிட்ட விட்டுட்டுப் போயிருக்காரு. நீங்க யாரு?"

"நான் விக் கட்டறவம்மா. அவங்க வீட்டம்மாவுக்கு ஆர்டர் குடுத்திருந்தாரே..."

"ஐயோ, நீங்களா! எனக்குத்தாங்க குடுத்தாரு. நான்தான்."

முடியக்காவின் கை மேஜையைப் பிடித்துக்கொண்டது. நாத்தனார் ஏறிட்டுப் பார்த்தாள்.

"அந்த மாதிரி முடி கிடைக்கல, கடைக்காரங்க பணத்தைத் திருப்பிட்டாங்கன்னு சொன்னாரு" என்று அந்தக் குரல் போய்க்கொண்டே இருந்தது. ரொம்ப நாள் ஆள் கிடைக்காமல் இருந்துவிட்டுப் பேசுகிற பேச்சு. "அதுவும் நல்லதாப் போச்சுங்க. அந்தப் பணத்துலதான் ரெண்டு ஊசி போட்டாச்சு. பட்டறையில அட்வான்ஸும் தர மாட்டேன்னுட்டாங்க, வேற எங்க போவாரு. எனக்குத்தான் கொஞ்சம் ஆசையா இருந்துச்சு. இடப்பக்கம் வகிடுன்னு எழுதச் சொன்னேன். எழுதினாரா?"

"எழுதியிருந்தாரு."

"மறந்திருப்பாருன்னு நினைச்சேன். ஆமா, இப்ப எதுக்குக் கூப்பிட்டீங்க?"

அட படுபாவி, என்று முடியக்காவுக்குள் கொதித்தது. எப்படி அழுதான்! கூடச் சேர்ந்து நானும் அழுதேனே. கட்டின பொண்டாட்டியை உசிரோடு வைத்துக்கொண்டு செத்துவிட்டாள் என்று எவனாவது சொல்வானா? அப்படியே சொல்லிவிட வேண்டும் என்று வந்தது. உன்னைச் சாகடித்துத்தான் அம்மா அந்த ஊசியை வாங்கியிருக்கிறான் உன் புருஷன். நாக்கு நுனி வரை வந்தது. இருமுகிற சத்தம் கேட்டது அந்தப் பக்கம். நீண்ட இருமல். அது முடிகிற வரை காத்திருந்தாள்.

"முடி கிடைச்சிருச்சும்மா" என்றாள். "அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

"நிஜமாவா? ஆனா பணம்..."

"அது முன்னாடியே பேசினதுதான். தாமதம் எங்களால ஆனது, அதனால பணம் வேணாம்."

"அவர்கிட்ட சொல்லட்டுங்களா? சந்தோஷப்படுவாரு."

"வேணாம். வந்ததும் மாட்டிக் காட்டு."

போனை வைத்தாள். நாத்தனார் அப்லோட் பக்கத்தைத் திறந்து வைத்தபடி காத்துக்கொண்டிருந்தாள். "என்ன அண்ணி, சான்றிதழ் அனுப்பறாங்களா?"

"உசிரோட இருக்கறவளுக்கு எவன்டி சான்றிதழ் குடுப்பான்?"

விஷயம் புரிய நாத்தனாருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் குதித்தாள். "அண்ணி, இது நமக்கு நல்லதுதான். அவன் பொய் சொல்லி வாங்கிட்டான்னு எழுதிக் குடுத்துடலாம். ஆர்டர் போன் எல்லாம் தானாப் பதிவாகுதுல்ல, அவன் அழுததும் எங்கிட்ட இருக்கு. நம்ம மேல தப்பே இல்லன்னு ஆயிடும். இன்னும் ஒண்ணே முக்கால் மணி நேரம் இருக்கு."

"எழுதினா?"

"அவன் கார்டை முடக்குவாங்க. பணத்தை அவன்கிட்ட வசூல் பண்ணுவாங்க. பண்ணட்டுமே. அவன் பண்ணினது திருட்டுத்தானே?"

"திருட்டுதான்."

"அப்புறம் என்ன?"

டிரைவர் ஆணிப்பலகையைத் தள்ளி வைத்தார்.

"அந்த நிலைமை எனக்கு வந்திருந்தா நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்" என்றார்.

"சொல்லுவீங்க. சொல்லிட்டு அழவும் செய்வீங்க. எனக்குத் தெரியாதா உங்களை."

"அண்ணா, நீ வேற! அடுத்த ஊசிக்கு அவன் என்ன பண்ணுவான்னு ரெண்டு பேரும் பாக்கறீங்களே, அடுத்த மாசம் நாம என்ன பண்ணுவோம்?" நாத்தனாருக்குக் குரல் உடைந்துவிட்டது. "அந்த எட்டு பேர் பணமும் உள்ள மாட்டிக்கிட்டு நிக்குது. முடி வியாபாரிக்கு நாம என்ன சொல்லப் போறோம்? அவ நமக்கு யாரு அண்ணி? முகம் கூடத் தெரியாது."

"தெரியும்" என்றாள் முடியக்கா. படத்தைப் பார்த்துப் பார்த்துத்தானே இத்தனை நாள் கட்டினாள். நெற்றியின் அகலம் தெரியும், காதுக்கு மேலே அந்தச் சின்னச் சுழி தெரியும்.

நாத்தனார் அந்தப் பதிவைப் போனில் எடுத்து வைத்துக்கொண்டு, நாலு மணி வரை அண்ணியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அனுப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். முடியக்கா சொல்லவில்லை. மரத்தலை மேலிருந்த துணியை எடுத்தாள். வலைக்கண் காய்ந்து இறுகியிருந்தது. ஈரத்துணியால் தடவி இளக்கிவிட்டு, ஊசியை எடுத்து இடப்பக்கத்திலிருந்து வகிட்டைத் தொடங்கினாள். கண் கலங்கி முடிச்சு இரண்டு தடவை தப்பியது. அந்த மெக்கானிக்கை வாய்விட்டே திட்டினாள், அவன் அப்பன் பாட்டன் வரை. திட்டிக்கொண்டே கட்டினாள்.

அஞ்சு மணி தாண்டிச் சில நிமிஷத்தில் போன் அதிர்ந்தது. நாத்தனார் பார்த்தாள்.

"மூடிட்டாங்க அண்ணி."

"ம்."

"இப்ப என்ன பண்றது?"

"திங்கக்கிழமை கடைக்காரரைப் பாக்கப் போகணும்" என்றாள் முடியக்கா. "நீயும் ஒரு ஊசியை எடுத்துக்கிட்டு இந்தப் பக்கம் வா. அதுக்குள்ள இதை முடிச்சுடணும். அங்க போயிட்டா இதுக்கு நேரம் கிடைக்காது."